கொடுத்துவிட்டு வருவதும் கூடவே இருப்பதும்: ஊவாவின் கிறிஸ்தவ சமூகத்திடம் நாம் கவனிக்க வேண்டியது

தோட்டப்புறத்தில் சர்ச் ஆட்கள் உதவி செய்கிறார்கள் என்று பேச்சு வந்தால், பண்டாரவளை கடைவீதியில் அடுத்த வசனம் அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்: "மதம் மாற்றத்தான், வேறு எதற்கு?" அத்தோடு பேச்சு முடிந்துவிடும். தேநீரைக் குடித்துவிட்டு அவரவர் கடைக்குப் போய்விடுவோம்.

நான் இந்த ஊரில் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். இந்த வசனத்தைச் சிறுவயது முதல் கேட்டு வருகிறேன். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு வசனத்தால் நாம் பார்க்காமல் விட்டுவிட்ட விடயம் பெரியது. ஊவா மாகாணத்தில் கிறிஸ்தவர்கள் மிகச் சிறிய தொகையினர். பௌத்தர்கள் பெரும்பான்மை, தோட்டங்களில் இந்துக்கள், நகரங்களிலும் குருத்தலாவை, சில்மியாபுர போன்ற ஊர்களிலும் நாம். எண்ணிக்கையில் நம்மை விடவும் குறைந்த ஒரு சமூகம், தனக்குள் எப்படிக் கூடுகிறது, அந்தக் கூடுதலிலிருந்து வெளியே உள்ளவர்களுக்கு எப்படிக் கை நீட்டுகிறது என்பதை அறிந்துகொள்வது நமக்கு நட்டமில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகாவது அறிந்திருக்க வேண்டும். உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் பூசைக்கும் ஆராதனைக்கும் வந்த குடும்பங்கள் கொல்லப்பட்டபோது, நம்மில் பலருக்கு உயிர்த்த ஞாயிறு என்றால் என்னவென்றே தெரியாதிருந்தது.

முதலில் ஒரு தெளிவு. "சர்ச்" என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் அங்கே ஒரே ஜமாஅத் இல்லை. கத்தோலிக்கர்களுக்கு பாப்பரசர், ஆயர், பங்குத் தந்தை என்று ஒழுங்கான படிநிலை உண்டு. அங்கிலிக்கன் சபை வெள்ளைக்காரத் துரைமாரோடு வந்தது. மெதடிஸ்ட் சபை பாடசாலைகளோடு வந்தது. இவற்றுக்குப் பிறகு வந்தவை சுயாதீன சபைகள். ஒரு வீட்டு மண்டபத்தில், ஒரு கடைக்கு மேல்மாடியில் கூடுபவை. இந்த நான்கு தரப்பும் உதவி செய்யும் முறையிலும் மார்க்கப் பிரசாரம் செய்யும் முறையிலும் ஒன்றுக்கொன்று வெகு தூரம். நம்மை எல்லாம் ஒரே கூட்டமாகப் பார்த்து ஒருவனின் குற்றத்தை எல்லோர் தலையிலும் போட்டபோது நமக்கு எவ்வளவு வலித்தது என்பதை நினைத்தால், அவர்களைப் பிரித்தறிய நாமும் கொஞ்சம் சிரமப்படலாம்.

ஆரம்ப வரலாறு அவர்களுக்கே பெருமை தருவதாக இல்லை. பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டு 1857இல் திறக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்றுதான் அவர் இன்றும் பேசப்படுகிறார். அதே காலத்தில் தோட்டத் தொழிலாளர்களிடையே வேலை செய்ய ஆரம்பித்த அங்கிலிக்கன் மிஷனுக்கு வைத்த பெயரே "தமிழ்க் கூலி மிஷன்". துரைமாருக்கு ஒரு கோயில், கூலிகளுக்கு ஒரு மிஷன். இடையில் மதில் இல்லை, ஆனால் இருப்பதாகவே எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

அந்த மதிலை உள்ளிருந்தே ஒருவர் இடிக்க ஆரம்பித்தது இங்கேதான்.

1972 டிசம்பர் மாதம் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரித்து, ஊவாவுக்கென்று பதுளை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. அப்போது கண்டியின் ஆயராக இருந்தவர் லியோ நாணயக்கார. பெனடிக்ட் துறவற சபையைச் சேர்ந்தவர், 1959 முதல் அந்தப் பதவியில் இருந்தவர். கண்டி பழைய, வசதியான, கௌரவமான இடம். பதுளையில் ஒன்றும் இல்லை. புதிய இடத்துக்கு வேறு யாரையாவது அனுப்பிவிட்டு அவர் கண்டியிலேயே இருந்திருக்கலாம். அவரோ கண்டியை விட்டுவிட்டுத் தானே பதுளைக்கு வந்தார். வசதியான ஒரு பெரிய பள்ளிவாசலின் இமாம், புதிதாகத் தொடங்கிய, சம்பளம் கொடுக்கவே வழியில்லாத ஒரு மஹல்லாவுக்குத் தானாகக் கேட்டுப் போவதை நினைத்துப் பாருங்கள்.

அவர் வந்த காலமும் சாதாரணமானதல்ல. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்களை, 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் போட்டுப் பிரித்திருந்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று. தோட்டங்கள் அரசுடைமையாகிக் கொண்டிருந்தன. 1973, 1974 காலத்தில் மாவும் அரிசியும் இல்லாமல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. லயத்திலிருந்து இறங்கி நகரத்துத் தெருக்களில் கையேந்திய குடும்பங்களை எமது மூத்தவர்கள் பலர் இன்றும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு ஆயருக்கு முன்னால் இருந்த கேள்வி, எத்தனை மூட்டை மா கொடுக்கலாம் என்பது மட்டுமல்ல. இவர்களோடு இருக்கத் தெரிந்த ஒரு பாதரையாவது நாம் உருவாக்கி வைத்திருக்கிறோமா என்பதுதான்.

அதற்கு அவர் தேடிய பதில் பண்டாரவளையில் உருவானது. 1970களின் நடுப்பகுதியில் இங்கே "சேவக செவன" என்ற பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தார். சேவை செய்வோரின் நிழல் என்று சிங்களத்திலிருந்து பொருள் கொள்ளலாம். குருமாருக்குப் பயிற்சி கொடுக்க கண்டி அம்பிட்டியவில் தேசிய குருத்துவக் கல்லூரி ஏற்கனவே இருந்தது. கட்டடமும் நூலகமும் மதிலும் உள்ள இடம். லியோ ஆயர் நினைத்தது வேறு. படிக்கும் பிள்ளைகள் தோட்டத்திலும் சிங்களக் கிராமத்திலும் சென்று தங்க வேண்டும். அங்குள்ளவர்கள் என்ன சாப்பிடுகிறார்களோ அதைச் சாப்பிட வேண்டும். சிங்களம் பேசுபவனும் தமிழ் பேசுபவனும் ஒரே இடத்தில் வளர வேண்டும். பௌத்தத்தையும் இந்து சமயத்தையும் எதிரியின் கொள்கையாக அல்லாமல் அயலவரின் நம்பிக்கையாகப் படிக்க வேண்டும். வேதப் புத்தகத்தின் படிப்பு இவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

எமது மத்ரஸாக்களில் ஓதும் மாணவன் ஏழு எட்டு வருடத்தில் ஒரு இரவாவது லயன் காம்பிராவில் தங்கியிருப்பானா? மலையக நகரமொன்றில் கதீபாகப் போகப்போகிறவனுக்குக்கூட அப்படி ஒரு பாடம் நாம் வைக்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பாடத்திட்டத்தில் இதற்கும் இடமுண்டு என்று யாரோ ஒருவர் நமது ஊரிலேயே ஐம்பது வருடத்துக்கு முன் யோசித்திருக்கிறார் என்பதைச் சொல்கிறேன்.

சேவக செவனவில் கற்பித்தவர்களில் ஒருவர் பாதர் மைக்கல் ரொட்ரிகோ. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். ரோமிலும் பாரிஸிலும் உயர்கல்வி பெற்றவர், அம்பிட்டியவில் பல வருடங்கள் விரிவுரையாளர். 1980இல் அவர் பண்டாரவளையை விட்டு இறங்கி, மொனராகலை மாவட்டத்தின் புத்தளையில் ஒரு கிராமத்தில் போய்க் குடியேறினார். அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கச் சிங்கள பௌத்தர்கள். அவருக்கென்று அங்கே ஒரு கத்தோலிக்கப் பங்கு கிடையாது. சிறிய வீடொன்றை அமைத்து "சுப செத் கெதர" என்று பெயர் வைத்தார். நல்வாழ்த்து இல்லம் என்று சொல்லலாம். இரண்டு அருட்சகோதரிகளும் அங்கே இருந்து வேலை செய்தார்கள்.

கிராமத்தார் முதலில் சந்தேகப்பட்டார்கள். விகாரையில் இருந்தவர்களும் சந்தேகப்பட்டார்கள். பாதர் ஒருவர் இங்கே எதற்கு வருகிறார், மதம் மாற்றத்தானே? எமது கடைவீதியில் கேட்கும் அதே கேள்வி. அதற்கு அவர் அறிக்கை விடவில்லை. வருடக்கணக்காக அங்கேயே இருந்தார். கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பு, மூலிகை வைத்தியம், இரசாயனப் பசளை இல்லாத பயிர்ச்செய்கை என்று அவர்களின் தேவைகளோடு போனார். சீனித் தொழிற்சாலைக்காகக் கரும்புச் செய்கை வந்து, ஏழை விவசாயிகளின் நிலம் பறிபோன நேரத்தில் அவர்களின் பக்கம் நின்று பேசினார். யாரையும் ஞானஸ்நானத்துக்குக் கூப்பிடவில்லை. நாளடைவில் பிக்குகளே அவருக்கு நண்பர்களானார்கள்.

1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்த வீட்டில் சிலரோடு பூசையை முடிக்கும் தறுவாயில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு முழுக்கத் துப்பாக்கிகள் பேசிய காலம் அது. ஆபத்து வருகிறது, போய்விடுங்கள் என்று அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அவர் போகவில்லை.

அவரை அனுப்பிய லியோ ஆயர் அதற்கு முன்பே, 1982இல் காலமாகியிருந்தார்.

இந்த இரண்டு பேரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் அவர்களின் வீரம் அல்ல. உதவி என்றால் என்ன என்பதற்கு அவர்கள் கொடுத்த விளக்கம்தான். பொருள் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களுக்கு இரண்டாவது வேலை. முதல் வேலை அங்கே இருப்பது. இருந்தால்தான் யாருக்கு என்ன தேவை என்று தெரியும். கொடுக்க ஒன்றும் இல்லாத நாளிலும் அங்கே இருக்க முடியும்.

எல்லாத் தேவாலயமும் இப்படி நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. சாதாரணப் பங்கில் நடப்பது இதை விடச் சிறியது, ஆனால் ஒழுங்கானது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வின்சென்ட் டி போல் சபையின் வழிமுறை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஒசானம் என்ற இருபது வயதுப் பல்கலைக்கழக மாணவன் தன் நண்பர்களோடு ஆரம்பித்தது. இன்று உலகம் முழுக்க, இலங்கையின் பங்குகளிலும் உண்டு. ஒரு பங்கில் பத்துப் பதினைந்து பேர் ஒரு குழு. பாதர்மார் அல்ல, கடைக்காரர், ஆசிரியர், ஓய்வுபெற்ற கிளார்க், வீட்டுப் பெண்கள். ஒழுங்காகக் கூடுவார்கள், வாராவாரம் கூடுவதுதான் மூல வழக்கம். ஜெபிப்பார்கள். பிறகு எந்த வீட்டுக்குப் போனோம், அங்கே நிலைமை என்ன என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். வீடுகளுக்கு இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும், தனியாகப் போவது வழக்கமில்லை. கூட்டத்தின் முடிவில் ஒரு பையைச் சுற்றி அனுப்புவார்கள்; கையை உள்ளே விட்டு இயன்றதைப் போடுவார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. உதவி பெறும் வீட்டின் பெயரும் அந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது.

வலது கை கொடுப்பதை இடது கை அறியாமல் கொடுப்பவரைப் பற்றிய ஹதீஸை நாம் குத்பாக்களில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அதை ஒரு நிர்வாக முறையாக, வாராந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலாக மாற்றியவர்களை நான் அந்தப் பையில் காண்கிறேன். எமது பக்கத்தில் உலர் உணவுப் பொதிக்கு முன்னால் பயனாளியை நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடுவது எப்போது வழக்கமானது என்று தெரியவில்லை. இதைச் சொன்னால் "கணக்குக் காட்ட வேண்டுமே, வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பியவர் கேட்கிறாரே" என்பார்கள். கணக்கு பேரேட்டில் காட்டப்பட வேண்டியது. ஒரு தாயின் முகத்தில் அல்ல.

பங்குக்கு மேலே மறைமாவட்டம், அதற்கு மேலே தேசிய மட்டத்தில் 1968இல் உருவான செடெக் என்ற கரிட்டாஸ் நிறுவனம். பெரிய அனர்த்தங்கள், வீடமைப்பு, வெளிநாட்டு நிதி என்பவை அதன் வழியாக வரும். தவக்காலத்தின் நாற்பது நாட்களும் விசுவாசிகள் எதையாவது விட்டுக்கொடுத்துச் சேமித்த பணம் ஏழைகளுக்கென்று திரட்டப்படும். நோன்பும் ஈகையும் ஒரே மாதத்தில் சேர்வது நமக்குப் புதிதல்ல. கீழே "அன்பியம்" என்று அயலில் உள்ள சில குடும்பங்கள் சேர்ந்த சிறு வட்டம். வீட்டுக்கு வீடு மாறி மாறிக் கூடுவது. ஞாயிறு பூசைக்கு ஒரு குடும்பம் இரண்டு கிழமை வரவில்லை என்றால் அந்த வட்டத்தில் யாராவது போய்ப் பார்ப்பார்கள். நோய், கடன், வேலையின்மை, குடிகாரக் கணவன் எல்லாம் இப்படித்தான் தெரியவருகின்றன. கூடுதல் என்பதும் உதவி என்பதும் அவர்களிடம் இரண்டு இலாகாக்களாக இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அந்த "மதம் மாற்ற" என்ற வசனத்துக்கு வருகிறேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு என்று சொன்னேன். சில சுயாதீன சபைகள் உதவியையும் பிரசாரத்தையும் ஒரே பொதியில் கட்டிக் கொடுக்கின்றன. பிள்ளைக்குப் புத்தகப் பை வேண்டுமா, தாய் ஆராதனைக்கு வரவேண்டும் என்ற எதிர்பார்ப்பு, சொல்லாமலே இருக்கும். இது தோட்டத்து இந்துக் குடும்பங்களில் மனக்கசப்பை உண்டாக்கியிருக்கிறது, கத்தோலிக்கப் பாதர்மாரே இதை விரும்புவதில்லை. பசித்தவனின் ஈமானை விலைபேசுவது எந்த மார்க்கத்திலும் அசிங்கம்தான்.

ஆனால் இதற்கு நாடு தேட முயன்ற மருந்தையும் பார்க்க வேண்டும். 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபை, பாராளுமன்றச் சட்டமூலம் ஒன்றின் மூலம் தம்மைச் சட்டரீதியாகக் கூட்டிணைத்துக்கொள்ளக் கேட்டது. கற்பிப்பது, ஏழைகளுக்கு உதவுவது, தமது மார்க்கத்தைப் பரப்புவது ஆகியவை ஒன்றாக எழுதப்பட்டிருந்ததால் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்தச் சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாக 2005இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு முடிவு சொன்னது. இடையில் 2004இல், ஜாதிக ஹெல உறுமயவின் மதமாற்றத் தடைச் சட்டமூலம் வந்தது. பலவந்தம், ஆசைகாட்டல், மோசடி மூலம் மதம் மாற்றுவது குற்றம் என்றது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் கூறியது, அது சட்டமாகவில்லை. அந்தக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன.

அப்போது நம்மில் பலர் இது கிறிஸ்தவர்களின் பிரச்சினை என்று ஒதுங்கி நின்றோம். "ஆசைகாட்டல்" என்ற சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தோட்டத்துக் குடும்பமொன்றுக்கு நமது பள்ளிவாசல் அரிசி கொடுக்கிறது. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டில் ஒருவர் கலிமா சொல்கிறார். அது என்ன? அன்று அந்தச் சட்டமூலம் நிறைவேறியிருந்தால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நமது நிர்வாகசபைத் தலைவராக இருந்திருப்பார். 2021 ஏப்ரலில் 11 அமைப்புகள் வர்த்தமானி மூலம் தடைசெய்யப்பட்ட பிறகு முஸ்லிம் தொண்டு நிறுவனங்கள் எல்லாமே எப்படிச் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டன என்பதை நாம் அனுபவித்துவிட்டோம். ஆகவே "உதவி என்றால் மதமாற்றம்" என்ற வசனத்தை அடுத்தவனைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் யோசித்துச் சொல்வது நல்லது. அதே வசனம் திரும்பி வரும்.

சரி, நமது நிலைமை என்ன?

அனர்த்தம் என்றால் நாம் பின்நிற்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வரிசைகள் மண்ணோடு போனபோது, அந்த மக்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டிக் கொண்டுபோனவர்களில் எமது வாலிபர்களும் இருந்தார்கள். முதல் கிழமை அங்கே எல்லா மதத்தவரும், எல்லாக் கட்சிகளும், எல்லாக் கெமராக்களும் இருந்தன. உயிர்தப்பியவர்கள் முதலில் பாடசாலைகளிலும் பிறகு பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்கவைக்கப்பட்டார்கள். பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டது 2016 ஒக்டோபரில். இடையில் இரண்டு வருடங்கள். அந்த இரண்டு வருடத்தில் தொழிற்சாலையில் துணியால் மறைத்த தடுப்புகளுக்குள் இருந்த குடும்பங்களுக்குப் பார்சல் தேவைப்படவில்லை. ஒருவர் அடிக்கடி வந்து போவது தேவைப்பட்டது.

மார்க்கம் இதற்குத் தடையா? இல்லை. ஸகாத் விடயத்தில் சட்டம் தெளிவானது. சூரா தவ்பாவின் 60ஆம் வசனம் சொல்லும் எட்டுக் கூட்டத்தினருக்குரியது, பெரும்பான்மை உலமாக்களின் கருத்துப்படி அது முஸ்லிம்களுக்கே. அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் ஸதகாவுக்கு அந்த வரம்பு கிடையாது. வக்புக்கும் பொது நன்மை என்ற விரிந்த வாசல் உண்டு. தமது வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி), நமது யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்ப விசாரித்த செய்தி திர்மிதியில் இருக்கிறது. உமர் (ரழி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில் ஜாபியாவில் குஷ்டரோகம் பிடித்த கிறிஸ்தவர்களைக் கண்டு, அவர்களுக்கு உணவும் உதவியும் ஒதுக்கச் சொன்னதை பலாதுரி பதிவு செய்திருக்கிறார். அவர்கள் கலிமா சொன்னார்களா என்று அந்த வரலாறு கேட்கவில்லை.

குருத்தலாவையில் நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 1942இல் யுத்த காலத்தில் அங்கே ஆரம்பமான புனித தோமையார் கல்லூரி, லெஸ்லி டி சேரம் தம்பதியர் கொடுத்த பண்ணை நிலத்தில் எழுந்தது. அங்கிலிக்கன் பாடசாலை. நமது பிள்ளைகள் பலரும் அங்கே படித்திருக்கிறார்கள். நாம் இதை வக்பு என்போம், அவர்கள் நன்கொடை என்பார்கள். நிலத்தைக் கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், வகுப்பறைகள் இருக்கின்றன.

நம்மிடம் இல்லாதது பணம் என்று நான் நம்பவில்லை. ரமழானில் இந்த நகரத்தில் புழங்கும் ஸதகாவை ஒரு வருடத்துக்குப் பங்கிட்டால் போதும். அறிவும் இருக்கிறது, அதுவும் எவருக்கும் இல்லாத அறிவு. தோட்டத்து மக்களுக்கு நாம் "நானா", "முதலாளி". கடன் கொப்பியைப் புரட்டினால் எந்த லயத்தில் எந்த வீட்டில் சம்பளம் போதவில்லை, யார் மூன்று மாதமாக மருந்து வாங்குகிறார், எந்தப் பிள்ளை உயர்தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு கொழும்பில் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டது என்பதெல்லாம் தெரியும். பாதர்மாரும் சிஸ்டர்மாரும் மலையேறிப் போய்த் தேடிக்கொள்ளும் தகவல், நமது மேசைக்கே வந்து சேர்கிறது. ஆனால் நாம் அதை வரவேண்டிய கடனாக மட்டும் வாசிக்கிறோம்.

2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 வருடம் என்பதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை. அவர்களின் பாட்டன்மார் கால்நடையாக வந்த அதே வழி. அதை ஒழுங்கு செய்தவர்களோடு தேசிய கிறிஸ்தவ மன்றமும் நின்றது. அந்த மக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள் அல்லர். தலைமன்னார் தொட்டு மாத்தளை வரை வழிநெடுக நமது ஊர்களும் இருக்கின்றன, மாத்தளை நகரில் நாம் கணிசமாக வாழ்கிறோம். அந்தப் பயணத்தில் ஒரு பள்ளிவாசல் சம்மேளனத்தின் பெயரும் அமைப்பாளர் பட்டியலில் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பண்டாரவளைப் பக்கத்துப் பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் என்னிடம் பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரு பள்ளிவாசல், ஒரு தோட்டம். அவ்வளவுதான். ஆறு பேர் கொண்ட குழு, இரண்டு பேர் கட்டாயம் பெண்களாக இருக்கட்டும், ஏனென்றால் லயத்தில் பகலில் இருப்பது பிரசவித்த தாய்மாரும் முதியவர்களும்தான். மாதம் இரண்டு தடவை, இரண்டிரண்டு பேராக, கெமரா இல்லாமல். போகும் முன் தோட்டத்துக் கோயில் தலைவரிடமும் கிராம சேவகரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எதற்கு வருகிறீர்கள் என்று கேட்பார்கள், கேட்கட்டும். மார்க்கப் புத்தகம், துண்டுப் பிரசுரம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. முதல் ஆறு மாதத்துக்கு எதையும் கொடுக்க வேண்டாம் என்பேன். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும். அதே தோட்டத்துக்கு ஏற்கனவே போய்வரும் பங்கு பாதரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசினால், எந்த வீட்டில் கணிதம் சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் தேவை, எந்த வீட்டுக்கு வாகனம் வைத்து பதுளை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று அவர் சொல்வார். நமது வாலிபர்களில் கணிதம் தெரிந்தவர்களும் வேன் வைத்திருப்பவர்களும் தாராளமாக இருக்கிறார்கள்.